காலியாக வந்த டப்பா

எங்கள் வீட்டில் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் குறைவு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நெய்வேலி டவுன்ஷிப்பில் பாதி வீடுகள் அப்படித்தான். அப்பாவுக்கு மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை, பர்மனென்ட். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட், ஒரு வாரம் நைட். அம்மா கான்ட்ராக்டில் ஒரு கேன்டீனில் சமையல். அவளுக்கும் ஷிப்ட் உண்டு. இருவர் ஷிப்டும் ஒத்துவந்த வாரத்தை நான் பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாட்டிய காலண்டரில் அப்பாவின் ஷிப்டைச் சிவப்பு மையிலும் அம்மாவுடையதை நீல மையிலும் என் தங்கை எழுதி வைப்பாள். அதைப் பார்த்துத்தான் இன்றைக்கு வீட்டில் யார் இருப்பார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அப்பா வேலை முடிந்து வந்ததும் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கேட்பார்: "பிள்ளைங்க சாப்ட்டுதுங்களா?" உள்ளே யார் இருக்கிறார்களோ அவர்கள் சாப்பிட்டாச்சு என்பார்கள். அதைக் காதில் வாங்கிய பிறகுதான் அவர் குழாயடிக்குப் போவார். எங்கள் சிறு வயதிலிருந்து ஒரு நாளும் இது தவறியதில்லை.

அம்மா கேட்க மாட்டாள். அவள் பாத்திரத்தைப் பார்ப்பாள். அது கேன்டீன் பழக்கம். ஒரு ஷிப்டுக்கு நூற்றுக்கணக்கில் சாப்பிடுகிற இடத்தில் யாரிடம் போய் நன்றாக இருந்ததா என்று கேட்பது? திரும்பி வருகிற தட்டையும் வாளியையும் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். சாம்பார் வாளி அரைக்கு மேல் திரும்பினால் புளி கூடிவிட்டது. தட்டில் பொரியல் கிடந்தால் காய் முற்றல். எல்லாம் காலியாக வந்தால் அன்றைக்கு அவள் முகமே வேறு மாதிரி இருக்கும். வீட்டிலும் அதே கணக்குத்தான். சாயங்காலம் எங்கள் இரண்டு டிபன் டப்பாக்களையும் குழாயடியில் திறந்து பார்ப்பாள். காலியாக இருந்தால் மனசு நிறைந்துவிடும்.

என் டப்பாவில் மட்டும் அவளுக்கு ஒரு குறை. நான் கறிவேப்பிலை தின்ன மாட்டேன். தட்டானால் ஓரத்தில், டப்பாவானால் மூடியில், ஒரு மூலையாகப் பார்த்து ஒன்றின் மேல் ஒன்றாக ஒதுக்கி வைப்பேன். அது எனக்கு இரண்டு வயதிலிருந்து வந்த புத்தி என்று அம்மா சொல்வாள். தங்கைக்கு ஒதுக்கவே தெரியாது. என் தட்டில் ஒதுக்கியதையும் அவள்தான் எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். முடி வளரும் அக்கா, எனக்குத்தான் வளரப்போகுது, உனக்கு வளராது என்று வம்பிழுப்பாள். அவளுக்கு முடியும் இடுப்பைத் தாண்டி இருந்தது.

நான் குண்டு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் எனக்கு விருப்பம் இல்லை. பூசின மாதிரி, நல்ல உடம்புவாகு, ஆரோக்கியமா இருக்கா என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பட்டப் பெயர் பக்கெட் வீல். மைன்ஸில் மண்ணை வாரி வாரித் தள்ளுகிற அந்தப் பெரிய மெஷினைப் பார்க்காத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒருமுறை பஸ்ஸில் ஒருத்தி என்னை அப்படிக் கூப்பிட்டபோது தங்கை எழுந்து போய் அவள் ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டாள். தங்கைக்கு அப்போது பத்து வயது. கோபம் வந்தால் அவளுக்கு முன்பின் பார்க்கத் தெரியாது.

நான் எம்.காம். முதல் வருடம், அவள் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். இரண்டு பேருக்கும் சிதம்பரத்தில் ஒரே பல்கலைக்கழகம். அந்த வருடம்தான் நெல்லிக்குப்பத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் மட்டும் முதலில் வந்தார்கள். அம்மா லீவு போட்டுவிட்டுக் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்திருந்தாள். வந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள். தட்டை உள்ளே எடுத்துவந்த அம்மா என் காதருகில், தட்டெல்லாம் காலி, பிடிச்சிருக்கு போலிருக்கு என்று சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அந்த அத்தை சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. கொஞ்சம் எளைச்சுதுன்னா சொல்லியனுப்புங்க."

இதை அவர் சிரித்த முகமாகத்தான் சொன்னார். கையில் இன்னும் கேசரி நெய் மினுமினுத்தது. அம்மாவும் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினாள். நான் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது அழுகை வரவில்லை. சாயங்காலம் மீந்திருந்த பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தபோது வந்தது.

தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. மூக்கு மட்டும் விடைத்திருந்தது.

"மூணே மாசம்க்கா. ரெண்டு பேரும் சேந்து எளைக்கலாம். அப்புறம் நாமளே சொல்லியனுப்புவோம். அவங்க வரட்டும். வந்ததும் நீ வேணாம்னு சொல்லு."

நீ எதற்கடி இளைக்க வேண்டும் என்று கேட்டேன். அவள் ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. கடையில் தொங்குகிற சுடிதாரை அப்படியே வாங்கிப் போட்டுக்கொள்கிற உடம்பு. "தனியா விட்டா நீ பத்து நாள்ல ஓடிருவ" என்றாள். அவள் சொன்னது தப்பு. நான் ஒன்பதாம் நாளே ஓடிவிட்டேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் சுடச்சுட போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள், போய்விட்டேன். அவள் சிரித்தாள். சரி போ, உனக்கும் சேர்த்து நான் இளைக்கிறேன் என்றாள். அதைக் கேட்டு நானும் சிரித்தேன்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன். காலையில் எழுந்து கிரவுண்டுக்குப் போவாள். அப்பா அவளுக்கு வெள்ளை நிறத்தில் ஷூ வாங்கிக் கொடுத்தார். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற வாரங்களில் அவர் கிரவுண்ட் வழியாக வந்து, வண்டியை ஓரமாக நிறுத்தி, அவள் ரவுண்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து கூட்டிக்கொண்டு வருவார். கூட வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் என் சின்னப் பொண்ணு விட்டால் மாரத்தான் ஓடுவாள் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பிளாக்கில் இருந்த அம்மாக்கள் தங்கள் பெண்களை அவளோடு அனுப்பப் பார்த்தார்கள்.

பல்கலைக்கழகத்தில் கேட்கவே வேண்டாம். பெண்கள் ஓய்வறையில் எப்போதும் இதே பேச்சு. யார் சோற்றை விட்டாள், யார் சர்க்கரையை விட்டாள், யார் போனில் எத்தனை ஆயிரம் அடி காட்டுகிறது. பரீட்சை மார்க்கைக்கூட மறைக்கிற பெண்கள் இதை மறைக்க மாட்டார்கள். போன வருடத்து ஜாக்கெட் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று ஒருத்தி அலுத்துக்கொண்டால், அந்த அலுப்பில் இருக்கிற பெருமை மற்ற எல்லோருக்கும் கேட்கும். தங்கை அங்கே ராணி ஆகிவிட்டாள். என்னடி பண்றே, எங்களுக்கும் சொல்லேன் என்று அவளைச் சுற்றி உட்காருவார்கள். நான் அவளுடைய அக்கா என்று சொன்னால் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

டப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

காலை பஸ்ஸில் வடலூர் வரைக்கும் நிற்கத்தான் வேண்டும். அங்கே கூட்டம் இறங்கியதும் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும். ஒருநாள் அப்படி உட்கார்ந்ததும் தங்கை தன் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தாள். எனக்கு வேண்டாம் அக்கா, நீ சாப்பிட்டுவிடு, மிச்சம் வைத்தால் அம்மா திட்டும் என்றாள். எலுமிச்சம்பழச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல். அம்மாவுக்குக் காலை ஷிப்ட் என்றால் விடியும் முன்பே சமைத்து வைத்துவிட்டுப் போய்விடுவாள், ஆகவே நான் காலையில் பெயருக்குத்தான் எதையாவது தின்றிருப்பேன். எனக்குப் பசி. சாப்பிட்டேன். அது மறுநாளும் நடந்தது. ஒரு மாதத்தில் பழக்கமாகிவிட்டது. அவள் டப்பாவைப் பஸ்ஸில் சாப்பிடுவேன், என் டப்பாவை மதியம் சாப்பிடுவேன். சாயங்காலம் இரண்டும் காலியாக வீட்டுக்குப் போகும்.

தடுக்கவில்லையா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், தடுத்தேன் என்று சொல்லியிருப்பேன். இரண்டொரு நாள் நீ பாதி தின்னுடி என்று நீட்டியதும் உண்மைதான். ஆனால் அம்மா செய்கிற புளிச்சோறு அவ்வளவு நன்றாக இருக்கும். பாதியை நீட்டும்போதே அவள் வாங்கிக்கொள்ளக் கூடாதே என்று மனசின் ஓரத்தில் ஒரு நினைப்பு ஓடும். அதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

நான் இன்னும் ஊதினேன். அம்மா பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டே விட்டாள்: "அவளும் இதேதானடி துன்றா. அவ ஒடம்பு எப்பிடி கீது, உன் ஒடம்பு எப்பிடி கீது?" தங்கை தலையைக் குனிந்துகொண்டு காலண்டரில் அடுத்த வார ஷிப்டை எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா அந்தப் பக்கம் போனதும் வந்து என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். இப்படி எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் பேசாமலே உண்டாகிவிட்டது. அவளுக்காக நான் திட்டு வாங்குகிறேன் என்று அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஷிப்டே அவளுக்குத் துணை. அம்மா வரும்போது அப்பாவோடு சாப்பிட்டேன் என்பாள். அப்பா எழுந்திருக்கும்போது அம்மா போட்டுக் கொடுத்தது என்பாள். இருவரும் சந்தித்துப் பேசிச் சரிபார்க்க நேரம் ஏது? வாராந்திர லீவு ஒன்றாக வருகிற அபூர்வமான நாளில் அவளுக்கு வயிறு சரியில்லாமல் போகும். எல்லாம் எனக்குத் தெரியும். வீட்டில் அவளை முழுநேரமும் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

அந்த மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. நெல்லிக்குப்பத்தாருக்கு யாரும் சொல்லியனுப்பவும் இல்லை. அவர்கள் மகனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும் நான் அவளிடம் சொன்னேன், போதுமடி, நிறுத்திவிடு என்று. இன்னும் கொஞ்சம்தான் அக்கா என்றாள். என்ன கொஞ்சம் என்று எனக்கும் புரியவில்லை, அவளுக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

கத்திரி வெயிலில் அவள் ஸ்வெட்டர் போட ஆரம்பித்தாள். எங்கள் ஊர் வெயில் எப்படிப்பட்டது என்று இங்கே ஒரு மே மாதம் இருந்தவர்களுக்குத் தெரியும். பாத்ரூம் சல்லடையில் அவளுடைய நீள முடி சுருண்டு கிடக்கும். அம்மா பார்ப்பதற்குள் நான் வாரிப் போட்டுவிடுவேன். ஒருநாள் மாடியில் துணி காயப்போடும்போது, எனக்கு நாலு மாதமாக வரவில்லை அக்கா என்று சொன்னாள். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுநாள் பஸ்ஸில் அவள் டப்பாவை நீட்டியபோது வாங்க மாட்டேன் என்றேன். நீ சாப்பிட்டால்தான் ஆச்சு, இல்லையென்றால் அப்படியே வீட்டுக்குப் போகட்டும், அம்மா பார்க்கட்டும் என்றேன். அவள் டப்பாவைத் திறந்து ஜன்னல் வழியாகக் கவிழ்த்துவிட்டாள். பஸ் அப்போதுதான் வடலூரிலிருந்து புறப்பட்டிருந்தது. போகிற வருகிறவர்க்கெல்லாம் சோறு போடுகிற ஊரின் ரோட்டில் என் அம்மா செய்த தக்காளிச் சோறு சிதறிக் கிடந்ததைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி உச்சுக்கொட்டினார். தங்கை மூடியைப் போட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நான் டப்பாவை வாங்கிக்கொண்டேன். ரோட்டில் கொட்டுவதற்கு நான் தின்றால் தேவலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறு வீணாகிறதே என்றேன். அவள் வீணாகிறாள் என்று என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் நானும் டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் அவளை எடை மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார், நாடி பிடித்தார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகு அவளை வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு, இந்தப் பெண் சாப்பிடுகிறாளா என்று அம்மாவைக் கேட்டார். நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், தினமும் டப்பா காலியாகத்தான் வருகிறது என்றாள் அம்மா. அவள் குரலில் கொஞ்சம் ரோஷம் இருந்தது. தன் பிள்ளைக்குச் சோறு போடவில்லை என்று யாரோ சொல்லிவிட்ட மாதிரி.

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே காலேஜ் போறீங்க? நீ சொல்லும்மா. அவ சாப்பிடுறாளா?"

கதவுக்கு வெளியே பெஞ்சில் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்த தங்கை தெரிந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டால் அவள் என்னோடு பேச மாட்டாள். அதைவிட, அம்மாவுக்குத் தெரிந்துவிடும். இத்தனை மாதம் அவள் சோற்றையும் சேர்த்துத் தின்றவள் நான் என்று தெரிந்துவிடும். இந்த இரண்டில் எது அன்றைக்கு என் வாயை அடைத்தது என்று ஆயிரம் முறை யோசித்துவிட்டேன்.

"சாப்பிடுறா" என்றேன்.

அதனால் அவர்கள் வேறு காரணம் தேடினார்கள். தைராய்டு, சர்க்கரை, காசநோய்க்குச் சளி என்று ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்ததும் அம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினாள். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, ஒரு மாதம் கழித்துக் கட்டாயம் வரச் சொன்னார். கிரவுண்டுக்குப் போக வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அவள் போனாள்.

டாக்டர் சொன்ன அந்த ஒரு மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அப்பாவுக்கு அது நைட் ஷிப்ட் வாரம். காலையில் வீடு திரும்பும்போது, வேண்டாம் என்று சொல்லியும் போயிருப்பாளோ என்று கிரவுண்ட் பக்கம் வண்டியைத் திருப்பியிருக்கிறார். அவரைப் பார்த்ததும் தங்கை கையாட்டினாளாம். கடைசி ரவுண்டுப்பா என்று கத்தினாளாம். அந்த ரவுண்டின் பாதியில் விழுந்துவிட்டாள். தூக்கும்போது கையில் ஒரு கனமும் இல்லை என்று அப்பா சொன்னார். அதை அவர் ஒருமுறைதான் சொன்னார். அவருடைய வேலைச் சட்டையில் இருந்த கரித்தூள் அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். இதயத் தசையே மெலிந்துபோய்விட்டது என்றார்கள். எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று அங்கிருந்த பெரிய டாக்டர் கேட்டார். அம்மா, அவள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். இரண்டாம் நாள் சாயங்காலம் தங்கை கண் விழித்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. என்ன சொல்ல வந்தாள் என்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி கதை கட்டவும் எனக்கு மனசு வரவில்லை.

அவள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. டிபன் டப்பாவின் மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன். எந்த முயற்சியும் இல்லாமல் இளைத்தேன். என்ன ஏது என்று சரியாகத் தெரியாத ஒரு பெண்மணி ஒரு வருடம் கழித்துக் கடைத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டார். அடையாளமே தெரியல, சூப்பரா எளைச்சிட்டியே, அப்படி என்ன பண்ணினே என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். "என் தங்கச்சி செத்துட்டா" என்றேன். அவர் அதன் பிறகு அந்தக் கடைப் பக்கம் நான் இருந்தால் வருவதில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இந்த வருடம் எனக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் என் உடம்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. பேசுவதற்கு இப்போது அங்கே ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைக்க வேண்டும் என்று திருவதிகையிலிருந்து பெரியம்மா வந்து சொன்னார். எங்கள் பக்கத்து வழக்கம் இது. வீட்டில் கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பெண் அந்த வீட்டுக்குத் தெய்வம். நல்ல காரியம் எதுவானாலும் முதலில் அவளுக்குப் புதுப்புடவை வைத்து, பூ வைத்து, அவளுக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, விளக்கேற்றி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவள் தனியாகச் சாப்பிடுவாள். அப்புறம் கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் மட்டும் உள்ளே போக வேண்டும். கல்யாணப் பெண் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு, அந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வீட்டு ஆண் வெளியிலிருந்து, சாப்பிட்டாளா என்று கேட்பார். தெய்வம் சாப்பிட்டுவிட்டது என்று உள்ளேயிருந்து பதில் வந்த பிறகுதான் கதவைத் திறப்பது.

குவார்ட்டர்ஸ் சமையலறைச் சுவரில் அம்மா மஞ்சள் பூசி மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் சமைத்தாள். எலுமிச்சம்பழச் சோறு, புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல், வடை, கேசரி. எங்கள் டப்பாக்களில் இருந்த அத்தனையும் இலைக்கு வந்திருந்தது. ஆரஞ்சு நிறப் புடவை எடுத்திருந்தாள். அது தங்கைக்குப் பிடித்த நிறம்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்பா ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து, வேட்டியோடு வாசலில் நின்றார். பிறகு அம்மாவும் நானும் உள்ளே போனோம். அம்மா புடவையைக் கட்டிவிட்டாள். கொசுவம் மடிக்கும்போது அவள் கை என் இடுப்பெலும்பில் பட்டு நின்றது, பிறகு மடித்து முடித்தது. உட்காரு என்றாள்.

உட்கார்ந்தேன். கை சோற்றுக்குப் போகவில்லை. எட்டு வருடமாக நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்தது.

"அம்மா. அவ டப்பாவ நான்தான்..."

"சாப்புடு" என்றாள் அம்மா.

சாப்பிட்டேன். எலுமிச்சம்பழச் சோறு அதே ருசியில் இருந்தது, அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அழுதுகொண்டே அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டேன். அம்மா எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியாமலே என் விரல்கள் கறிவேப்பிலையைப் பொறுக்கி இலையின் ஓரத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒதுக்கி வைத்திருந்தன.

"சின்னவ டப்பா மூடியிலயும் இப்பிடித்தான் கெடக்கும்" என்றாள் அம்மா.

என் கை அப்படியே நின்றுவிட்டது.

"அவ கறிவேப்பில ஒதுக்க மாட்டா. பெத்தவளுக்குத் தெரியாதா? ரெண்டு மூடியிலயும் ஒரே மாதிரி கெடக்கும். தெனம் பாத்துகினுதான் இருந்தன். டப்பா காலியா வருதில்ல, அப்புறம் இன்னா கேள்வின்னு கழுவிக் கவுத்துட்டன். ஒரு நாளு உன்னக் கேட்டிருக்கலாம். கேக்கல."

அவள் அழவில்லை. கேன்டீனில் வாளியைப் பார்த்துக் குறை சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, இலையோரத்தில் கிடந்த கறிவேப்பிலைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டு மென்றாள். கடைசி ஒன்று வரைக்கும் எடுத்தாள். இலை காலியாகிவிட்டது.

வெளியே அப்பா தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. வேலை முடிந்து வாசலில் ஷூவைக் கழற்றுகிறபோது எப்படிக் கேட்பாரோ, அப்படியே கேட்டார்.

"இன்னாம்மா, சாப்ட்டாளா?"

அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"சாப்ட்டா" என்றாள்.